சல்சா ஆட எந்த ஷூ வாங்கலாம்? முழங்காலையும் பர்ஸையும் சேர்த்துக் காப்பாற்றும் கணக்கு!

எனக்கு அது மூன்றாவது சல்சா கிளாஸ். ஆபீஸ் முடிந்து நேராக ஓடியதால் காலில் இருந்தது காலையில் ஜாகிங்குக்குப் போட்ட அதே ரன்னிங் ஷூ. "ரைட் டர்ன்" என்றார் மாஸ்டர். திரும்பினேன். தோள் திரும்பியது, இடுப்பு திரும்பியது, ஷூ மட்டும் போட்ட இடத்திலேயே நின்றது. நடுவில் மாட்டிக்கொண்டது என் வலது முழங்கால். சுளீர் என்று ஒரு வலி. அடுத்த பத்து நாள் மெட்ரோ ஸ்டேஷன் படிக்கட்டைப் பார்த்தாலே பயம்.

கேவலமான விஷயம் என்னன்னா, அந்த ஷூ மலிவானது இல்லை. என் மாதச் சம்பளத்தில் கணிசமான பகுதியைக் கொடுத்து வாங்கியது. அதன் கிரிப் பிரமாதம். பிரச்னையே அந்த கிரிப்தான்.

வேலை முடிந்து வாரத்துக்கு இரண்டு நாள் சல்சா, பச்சாட்டா என்று கிளம்புகிறவர்கள் சென்னையில் இப்போது கணிசமாக இருக்கிறார்கள். சேர்ந்த முதல் மாதமே எல்லோரும் கேட்கும் கேள்வி, "ஷூ வாங்கணுமா? எவ்வளவு ஆகும்?" கூகுளில் தேடினால் 100 டாலருக்கு மேல் விலை போட்ட பளபள ஷூக்கள்தான் முதலில் வந்து நிற்கும். அதைப் பார்த்தே "நமக்கு இது செட் ஆகாது" என்று கிளாஸை விட்டவர்களும் உண்டு. உண்மையில் அவ்வளவு செலவு தேவையா?

*சல்சாவில் கால் என்ன செய்கிறது?*

ஷூவைப் பற்றிப் பேசும் முன் காலைப் பார்த்துவிடுவோம். சல்சா எட்டு எண்ணிக்கையில் ஓடும். 1, 2, 3-க்கு அடி வைப்போம், 4-ல் இடைவெளி. 5, 6, 7-க்கு அடி, 8-ல் இடைவெளி. ஆக எட்டு தட்டுக்கு ஆறு அடி. நிமிடத்துக்கு 180 தட்டுகள் என்பது சல்சாவில் சாதாரண வேகம். நான்கு நிமிடப் பாட்டு என்றால் 720 தட்டு, 540 அடி. ஒரு மாலையில் பத்துப் பாட்டு ஆடினால் 5,400 அடி. கையில் கட்டியிருக்கும் ஸ்மார்ட் வாட்ச் சந்தோஷப்படும்.

இந்த அடிகளில் பெரும்பாலானவை முன்பாதத்தில் விழுபவை. பெருவிரலுக்குக் கீழே உள்ளங்காலில் ஒரு சதை மேடு இருக்கிறதல்லவா, அதுதான் சல்சாவின் அச்சாணி. எடையை அதில் ஏற்றி, குதிகாலை லேசாகத் தூக்கி, அதன் மேலேயே பம்பரம் மாதிரி சுற்ற வேண்டும்.

முழங்கால் கதவுக் கீல் மாதிரியான மூட்டு. மடங்கும், நீளும். பக்கவாட்டில் முறுக்குவதற்கு அதில் இடம் மிகக் குறைவு. பாதம் தரையில் ஒட்டிக்கொண்டு உடம்பு மட்டும் திரும்பினால், அந்த முறுக்கு முழுக்க முழங்காலுக்குள் இருக்கும் ஜவ்வுகள் மேல் இறங்கும். ஃபுட்பால் ஆடுபவர்களுக்கு ஜவ்வு கிழிவது பல நேரம் இப்படித்தான். ஷூவின் ஆணிகள் புல்லில் பதிந்திருக்கும், உடம்பு திரும்பிவிடும்.

ரன்னிங் ஷூ செய்யப்பட்டது நேராக ஓடுவதற்கு, வழுக்காமல் இருப்பதற்கு. அதன் ரப்பர், பள்ளம் பள்ளமான அடிப்பகுதி, பின்னால் அகலமாக விரியும் குதிகால் எல்லாமே திரும்புவதற்கு எதிரானவை. இதில் மெத்தென்ற குஷன் வேறு. அந்தக் குஷனில் தரை எங்கே இருக்கிறது என்றே காலுக்குத் தெரியாது. நடைக்கு சொகுசு, நடனத்துக்கு இடைஞ்சல்.

*அப்போ வெறுங்காலில் ஆடினால்?*

பரதம் கற்ற தோழி ஒருத்தி கேட்ட கேள்வி இது. "பத்து வருஷம் வெறுங்காலில்தானே ஆடினேன், இதுக்கு மட்டும் எதுக்குடி ஷூ?" நியாயமான கேள்விதான். பரதத்தில் பாதம் தரையைத் தட்டும் ஓசையும் ஆட்டத்தின் பகுதி, தோல் நேரடியாகத் தரையைத் தொட வேண்டும். சல்சாவில் நிலைமை வேறு. அடுத்தடுத்து டர்ன் வரும்போது, வியர்த்த பாதம் டைல்ஸில் ஒட்டி இழுக்கும். பாதத் தோல் உரிந்து கொப்புளம் வரும். அதைவிட முக்கியமாக, எதிரில் ஒரு பார்ட்னர் இருக்கிறார். அவர் ஷூ போட்டிருப்பார். அவரும் உங்களைப் போலவே கற்றுக்குட்டி. உங்கள் சுண்டுவிரல் அவருக்குக் கண்ணில் தெரியாது!

சாக்ஸ் மட்டும் போட்டு ஆடுவது அதைவிட ஆபத்து. டைல்ஸில் திரும்புவது சுலபம், நிற்பதுதான் கஷ்டம்.

*ரகசியம் ஷூவில் இல்லை, சோலில்!*

நமக்குத் தேவை இரண்டுக்கும் நடுவில் ஒன்று. அடி வைக்கும்போது பிடிக்க வேண்டும், திரும்பும்போது விட வேண்டும். இந்த வேலையைச் சரியாகச் செய்வது ஸ்வேட். தோலின் பளபளப்பான மேல்பக்கம் இல்லாமல், உள்பக்கத்தின் சொரசொரப்பான, பஞ்சு பஞ்சாக இருக்கும் பகுதி. டான்ஸ் ஷூ என்று தனியாக விற்கப்படும் பெரும்பாலானவற்றின் அடியில் ஒட்டியிருப்பது இந்த ஸ்வேட் ஷீட்தான். சில கடைகள் இதையே 'குரோம் சோல்' என்பார்கள். குரோம் உப்பில் பதனிடப்பட்ட தோல் என்பதால் அந்தப் பெயர். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், சரக்கு ஒன்றுதான்.

வழுவழுப்பான தோல் சோலும் வேலைக்கு ஆகும். யோசித்துப் பாருங்கள், சல்சாவின் முன்னோடியான மாம்போ 1950-களில் நியூயார்க்கின் பல்லேடியம் பால்ரூமில் கொடிகட்டிப் பறந்தபோது, வேலை முடிந்து வந்தவர்கள் பலர் போட்டிருந்தது அன்றாட ஷூதான். அன்றைய ஆபீஸ் ஷூக்களில் தோல் சோல் சர்வ சாதாரணம். கியூபாவின் சோன், மாம்போ போன்ற இசைகள் நியூயார்க்கின் லத்தீன் பேட்டைகளில் கலந்து, 1960, 70-களில் 'சல்சா' என்ற பெயரில் பரவியது. அது வீட்டு விசேஷத்திலும் தெரு முனையிலும் ஆடப்பட்ட ஆட்டம். விலை உயர்ந்த ஷூ இருந்தால்தான் ஆட முடியும் என்பது பிற்பாடு வந்த எண்ணம். இடையில் மாறியது நம் அன்றாட ஷூ. எல்லாமே ரப்பர் சோல் ஆகிவிட்டது.

கையில் இருக்கும் ஷூ தேறுமா தேறாதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். ஷூவைப் போட்டு, சுவரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஒரு காலில் எடையை ஏற்றுங்கள். குதிகாலை ஒரு இன்ச் தூக்கி, மெதுவாகக் கால்வட்டம் திரும்புங்கள். ஷூவும் உங்களோடு சேர்ந்து திரும்பினால் சரி. நீங்கள் ஜன்னலைப் பார்க்க, ஷூ டிவியையே பார்த்துக்கொண்டிருந்தால், அதை ஜிம்முக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வேகமாகத் திரும்பிப் பார்க்க வேண்டாம், நான் பட்டது போதும்.

*பெரியமேட்டில் ஒரு சனிக்கிழமை*

இனி காசு விஷயம். முழங்கால் சரியானதும் நான் முதலில் ஆன்லைனில் வெளிநாட்டு ஷூ ஒன்றைக் கூடையில் போட்டேன். ஷூ விலை, ஷிப்பிங், அதன் மேல் கஸ்டம்ஸ் வரி எல்லாம் சேர்த்துப் பார்த்ததும் கூடையிலிருந்து எடுத்துவிட்டேன். அப்போது கிளாஸில் சீனியர் அக்கா ஒருவர் சொன்னார், "பெரியமேடு போய்ப் பாரு."

இது ஏன் எனக்கு முதலிலேயே தோன்றவில்லை என்று வெட்கமாக இருந்தது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று உலகத்துக்கே தோலும் ஷூவும் அனுப்பும் மாநிலம் இது. அந்தத் தோல் வியாபாரத்தின் சென்னை முகவரி, சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே இருக்கும் பெரியமேடு. தோல், சோல், பக்கிள், பசை என்று ஷூவுக்கான அத்தனை உதிரிகளும் அங்கே தெருவாரியாகக் கிடைக்கும்.

கடையில் "பாய், ஸ்வேட் ஷீட் வேணும், ஷூ அடியில ஒட்டுறதுக்கு" என்றேன். "அடியிலயா? ரோட்டுல போனா ஒரு வாரத்துல தேஞ்சிடும்மா" என்று சிரித்தார். டான்ஸுக்கு என்றதும் ஒன்றரை மில்லிமீட்டர் தடிமன் இருக்கும் துண்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். ரொம்ப மெல்லிசாக வாங்கினால் சீக்கிரம் தேய்ந்துவிடும், ரொம்பத் தடியாக வாங்கினால் ஷூ வளையாது.

ஒட்டியது எங்கள் தெருமுனையில் உட்காரும் செருப்பு தைக்கும் அண்ணன். நான் கொண்டுபோன ஷூ என்ன தெரியுமா? ஸ்கூலில் பி.டி. பீரியடுக்குப் போடுவோமே, அந்த வெள்ளை கேன்வாஸ் ஷூ. எடை குறைவு, சோல் தட்டை, முன்பக்கம் நன்றாக வளையும். டான்ஸுக்கு அளவெடுத்தது மாதிரி.

அவர் செய்த விதத்தைக் கவனித்தேன். ரப்பர் சோலை முதலில் அரத்தால் நன்றாகத் தேய்த்துச் சொரசொரப்பாக்கினார். பிறகு சோலிலும் ஸ்வேட்டின் பின்பக்கத்திலும் சொல்யூஷன் தடவி, உடனே ஒட்டாமல் காயவிட்டார். விரல் வைத்தால் பசபசவென்று இருக்கும் பதம் வந்ததும் ஒட்டி, சுத்தியலால் ஓரம் முழுக்கத் தட்டி, மிச்சத்தைக் கத்தியால் சீவினார். "இன்னைக்குப் போடாதம்மா, நாளைக்குப் போடு" என்றார். தோலுக்கும் கூலிக்கும் சேர்த்து எனக்கு ஆன செலவு 350 ரூபாய்.

ஒரு சின்ன டெக்னிக். ஸ்வேட்டை முழு சோலுக்கும் ஒட்ட வேண்டிய அவசியம் இல்லை. முன்பாதப் பகுதிக்கு மட்டும் ஒட்டி, குதிகாலில் ரப்பரை அப்படியே விட்டால், அது பிரேக் மாதிரி வேலை செய்யும். புதிதாகக் கற்பவர்களுக்கு இது ரொம்ப உதவி. சில டான்ஸ் ஸ்னீக்கர்களின் அடியில் முன்பாதத்தில் வழுவழுப்பான வட்டம் ஒன்று இருக்கும், அதன் தத்துவமும் இதேதான்.

ஆண்களுக்கு இன்னும் சுலபம். பழைய ஃபார்மல் ஷூ அலமாரியில் தூங்கிக்கொண்டிருக்கும். இன்டர்வியூவுக்கு வாங்கியதாகவும் இருக்கலாம், கசின் கல்யாணத்துக்கு வாங்கியதாகவும் இருக்கலாம். சோல் தோல் என்றால் அப்படியே போட்டு ஆடலாம். ரப்பர் என்றால் ஸ்வேட் ஒட்டிக்கொள்ளலாம். ஒரு இன்ச் குதிகால் இருந்தால் எடை தானாக முன்னால் வரும், அதுவும் நல்லதே. ஆனால் பள்ளம் பள்ளமாக இருக்கும் ஸ்போர்ட்ஸ் சோலில் இந்த வேலை நடக்காது. பசைக்குப் பிடிக்க இடம் இருக்காது, இரண்டு கிளாஸில் உரிந்து வந்துவிடும்.

*ஹீல்ஸ் போட்டாத்தான் சல்சாவா?*

இல்லை. இதைச் சத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இன்ஸ்டாகிராம் ரீல்ஸில் எல்லாப் பெண்களும் மூன்று இன்ச் ஹீல்ஸில் சுற்றுவதைப் பார்த்துவிட்டு, வாழ்க்கையில் முதல்முறை ஹீல்ஸ் வாங்குவதே சல்சாவுக்காக என்று இறங்குபவர்கள் இருக்கிறார்கள். ஹீல் உயர உயர உடம்பின் எடை முன்பாதத்துக்குப் போகும். மேலே போட்ட 5,400 அடி கணக்கை இதோடு சேர்த்துப் பாருங்கள். பழகாத காலுக்கு அது தண்டனை.

அதே நேரம் ஹீல்ஸில் நியாயமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். சிறிய ஹீல் எடையை முன்னால் தள்ளுவதால், குதிகாலில் சாய்ந்து நிற்கும் பழக்கம் போய்விடும். பழக வேண்டும் என்று ஆசை இருந்தால் ஒன்றரை இன்ச்சில் தொடங்கலாம், அடிப்பக்கம் விரிந்து அகலமாக இருக்கும் ஹீலாகப் பார்த்து. வீட்டில் பாத்திரம் துலக்கும்போது, போன் பேசும்போது இருபது நிமிடம் போட்டு நடந்து பாருங்கள். மூன்று இன்ச் எங்கேயும் ஓடிவிடாது.

பார்ட்டிக்குப் போடும் ஹீல்ஸை டான்ஸுக்குப் போடக் கூடாது. இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் கட்டமைப்பு வேறு. டான்ஸ் ஹீல், குதிகாலுக்கு நேர் கீழே நிற்கும். உள்ளங்கால் வளைவுக்கு அடியில் உறுதியான பட்டை ஒன்று ஓடும், அது வளையாது. முன்பாதம் மட்டும் வளையும். கடையில் ஷூவை இரண்டு கையாலும் பிடித்து மடக்கிப் பாருங்கள். முன்பாதத்தில் வளைந்தால் சரி, நட்டநடுவில் வளைந்தால் வைத்துவிட்டு வந்துவிடலாம். ஹீலைப் பக்கவாட்டில் அசைத்தும் பாருங்கள். ஆடக் கூடாது. ஆட வேண்டியது நாம்.

அடுத்து ஸ்ட்ராப். கணுக்காலைச் சுற்றியோ பாதத்தின் குறுக்கேயோ பட்டை கட்டாயம் வேண்டும். பின்னால் திறந்த மாடல், காலை நுழைத்தால் போதும் என்கிற மாடல் எல்லாம் டர்னில் பறந்துவிடும். பறந்து பார்த்திருக்கிறேன், நல்லவேளை யார் மேலும் படவில்லை.

*சைஸில்தான் நிறைய பேர் ஏமாறுகிறோம்*

நாம் வழக்கமாக ஷூ வாங்கும்போது விரலுக்கு முன்னால் கொஞ்சம் இடம் விடுவோம். டான்ஸ் ஷூவில் அந்த இடம் கூடாது. கால் உள்ளே நழுவினால் கொப்புளம் உறுதி, பேலன்ஸும் போகும். முன்பக்கம் திறந்த லத்தீன் செருப்பு என்றால் விரல்கள் சோலின் விளிம்பு வரை வந்து நிற்க வேண்டும். மூடிய ஷூ என்றால் கையுறை மாதிரி கச்சிதமாக இருக்க வேண்டும், ஆனால் விரல்கள் மடங்கக் கூடாது. தோலும் சாட்டினும் போடப் போடக் கொஞ்சம் தளரும். ரெக்சின் அவ்வளவு தளராது, அதில் "போகப் போகச் சரியாகிவிடும்" என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம்.

ஆன்லைனில் வாங்குவதானால் அளவை சென்டிமீட்டரில் எடுங்கள். சாயங்காலம் பேப்பர் மேல் நின்று, பென்சிலை நேராகப் பிடித்து பாதத்தைச் சுற்றி வரையுங்கள். காலையைவிட மாலையில் பாதம் லேசாக வீங்கியிருக்கும், கிளாஸும் அந்த நேரத்தில்தானே. நீளத்தோடு அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள். செருப்புப் போட்டே வளர்ந்த நம்மில் பலருக்கு முன்பாதம் அகலம். வெளிநாட்டு மாடல்கள் பல குறுகலாக வரும். நீளம் சரியாக இருந்தும் சுண்டுவிரல் நசுங்குவது அதனால்தான்.

பார்சல் வந்ததும் நேராகத் தரையில் இறங்காதீர்கள். மெத்தை விரிப்பு அல்லது கார்பெட் மேல் பத்து நிமிடம் போட்டுப் பாருங்கள். ஸ்வேட் சோலில் அழுக்குப் பட்டால் ரிட்டர்ன் எடுக்க மாட்டார்கள்.

*விலையில் 2,500 என்கிற கோடு*

கிளாஸைத் தொடர்வது என்று முடிவாகிவிட்டது, சரியான டான்ஸ் ஷூவே வாங்கப் போகிறீர்கள் என்றால் ஒரு வரிக் கணக்கு. 2025 செப்டம்பர் 22 முதல், ஜோடி 2,500 ரூபாய் வரையிலான காலணிகளுக்கு ஜிஎஸ்டி 5%. அதைத் தாண்டினால் 18%. வரிக்கு முன் 2,400 ரூபாய் ஷூ, வரி சேர்த்து 2,520 ஆகும். 2,600 ரூபாய் ஷூவோ 3,068-க்குப் போய்விடும். ஷூ விலையில் வித்தியாசம் 200, பில்லில் வித்தியாசம் 548. இரண்டு மாடலுக்கு நடுவில் குழம்பி நிற்கும்போது இது உதவும்.

என்னைக் கேட்டால் முதல் மூன்று மாதத்துக்குப் புது டான்ஸ் ஷூவே வேண்டாம். ஸ்வேட் ஒட்டிய பழைய ஷூ போதும். அதற்குள் உங்கள் பாதம் எங்கே வலிக்கிறது, எந்தத் தரையில் ஆடுகிறீர்கள், ஹீல்ஸ் வேண்டுமா என்பதெல்லாம் உங்களுக்கே தெரிந்துவிடும். முன்பாதம் எரிகிறது என்றால் ஷூவை மாற்றும் முன் உள்ளே ஒரு ஜெல் பேட் வைத்துப் பாருங்கள். ஷூ மாற்றியும் முழங்கால் வீங்குகிறது, மடக்கினால் மாட்டிக்கொள்கிறது என்றால் அது ஷூ பிரச்னை இல்லை. எலும்பு டாக்டரைப் பாருங்கள், யூடியூபை இல்லை.

*தண்ணீர் பட்டால் கதை முடிந்தது*

ஸ்வேட்டுக்கு எதிரி ஈரம். கிளாஸ் வாசல் வரை செருப்பு, உள்ளே போய்த்தான் டான்ஸ் ஷூ. இடைவேளையில் அதே ஷூவோடு பாத்ரூம் போனால் இரட்டை நஷ்டம். ஈரத் தரையில் வழுக்கும், சோலும் இறுகிப்போகும். மொட்டை மாடி பிராக்டீஸுக்கும் இதைப் போடாதீர்கள். சிமென்ட் தளம் உப்புக்காகிதம் மாதிரி ஸ்வேட்டைத் தின்றுவிடும். அங்கே போட, தேய்ந்து வழுவழுப்பான பழைய ஷூ ஒன்று தனியாக இருக்கட்டும்.

தரை ரொம்ப வழுக்கினால் சோலை லேசாக ஈரத்துணியால் ஒற்றி எடுப்பார்கள், ஒற்றினால் போதும், நனைக்கக் கூடாது. தரை ஒட்டினால் சிலர் பவுடர் கொட்டுவார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். உங்களுக்கு வசதி, பக்கத்தில் ஆடும் ஜோடிக்கு ஆஸ்பத்திரி.

நாலைந்து கிளாஸுக்கு ஒருமுறை சோலைத் திருப்பிப் பாருங்கள். அழுக்கும் வியர்வையும் சேர்ந்து கறுப்பாக, கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தால் கம்பி பிரஷ்ஷால் ஒரே திசையில் மெதுவாகத் தேய்க்க வேண்டும். பஞ்சு மறுபடி எழும்பும், பிடிப்பும் திரும்பும். ஆடி முடித்ததும் ஷூவை அப்படியே பைக்குள் போட்டு மறந்துவிட்டால் சென்னை வியர்வைக்கு ஒரே வாரத்தில் பூஞ்சை பிடிக்கும். வீட்டுக்கு வந்ததும் வெளியே எடுத்து ஃபேனுக்கு அடியில் வைத்து, பிறகு சிலிக்கா ஜெல் பாக்கெட் ஒன்றை உள்ளே போட்டு வையுங்கள். வெயிலில் காயவைத்தால் பசை விட்டுவிடும்.

என் பி.டி. ஷூ எட்டு மாதம் தாங்கியது. இப்போது பெருவிரலுக்குக் கீழே ஸ்வேட் தேய்ந்து ரப்பர் எட்டிப் பார்க்கிறது. ஷீட்டில் பாதி இன்னும் மிச்சம் இருக்கிறது. இந்த சனிக்கிழமை தெருமுனை அண்ணனிடம் போக வேண்டும்.